‘உள்வாங்கல்’ பதிவான நாட்கள்

ஜூன் 8

ஹேமந்த் கேட்டதால் எழுதுகிறேன். ஆல்பம் வெளியாகும்போது பதிவு நாட்களின் குறிப்பையும் சேர்த்துப் போடலாமாம், ரசிகர்கள் விரும்பிப் படிப்பார்களாம். பெங்களூரில் இருந்துகொண்டு எங்கள் ஆல்பங்களை வெளியிடுகிறவர் அவர்தான். ஆகவே முறையாகவே தொடங்குகிறேன்.

இசைக்குழுவின் பெயர் ஈட்டி. மூன்று பேர். ரீகன் பாட்டும் கிட்டாரும். சுபின் டிரம்ஸ். நான் டென்னிசன், பேஸ் கிட்டார். மார்த்தாண்டத்தில் சின்னதாக ஒரு ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருப்பதால் பதிவு வேலையும் என் தலையில்தான். ரீகனும் நானும் குளச்சலில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். மெட்டல் இசையில் எங்களுக்கு ஒரு பெயர் இருக்கிறதென்றால் அது வேகத்துக்காக. இதுவரை மூன்று ஆல்பங்கள், எதிலும் மூச்சு வாங்க இடம் கிடையாது. ரீகன் அலறினால் மேடைக்கு முன்னால் நிற்கிறவன் நெஞ்சைப் பிடித்துக்கொள்வான்.

நாலாவது அப்படி இல்லை. மெதுவாக, இருட்டாக, ஒரே சுருதி நெடுநேரம் நின்று அதிர்வதாக இருக்க வேண்டும் என்கிறான். பெயரும் வைத்துவிட்டான்: ‘உள்வாங்கல்’. கடல் உள்வாங்குகிறதே, அது.

பதிவுக்குச் சுபினின் மாமாவுடைய ரப்பர் எஸ்டேட் வீட்டுக்கு வந்திருக்கிறோம். குலசேகரத்திலிருந்து மேலே மலைப்பாதை. எஸ்டேட் சரிவுக்குக் கீழே ஆறு. பகலிலேயே மரங்களுக்குக் கீழே விளக்குத் தேவைப்படுகிறது. வந்து இறங்கியதிலிருந்து மழை.

“கடலப் பத்திப் பாட்டு. அதுக்கு மலைக்கு வந்திருக்கோம்” என்றான் சுபின், டிரம்ஸை இறக்கிக்கொண்டே. “அதுவும் எனக்கு ஒரு பாட்டுக்கு நாலு அடி. மிச்ச நேரம் நான் அட்டைக்கு ரத்தம் குடுத்துக்கிட்டு இருக்கணும்.”

ரீகன் சிரிக்கவில்லை. களைப்பாக இருந்திருப்பான்.

ஜூன் 10

ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் பழைய கட்டடம் ஒன்று வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடக்கிறது. சுவரெல்லாம் கரி. உள்ளே கைதட்டினால் ஓசை சுற்றி வந்து நம் முதுகில் தட்டுகிறது. டிரம்ஸும் பாட்டும் அங்கேதான் என்று முடிவானது. வீட்டு முன்னறையில் என் கணினியும் மற்ற சாமான்களும். இரண்டுக்கும் நடுவே கேபிள் இழுத்து, மழை படாமல் தார்ப்பாய் கட்டி முடிப்பதற்குள் மூவரின் காலிலும் அட்டை.

உப்பு தேய்த்துக்கொண்டிருக்கும்போது ரீகன் அந்தக் கதையைச் சொன்னான். இத்தனை வருடப் பழக்கத்தில் இதுவரை சொன்னதில்லை. சுனாமி வந்த அன்று காலை அவன் கரையில் நின்றிருக்கிறான்.

“தண்ணி அப்படியே பின்னால போயிட்டு மக்கா. நான் அதுக்கு முன்ன பாத்தே இல்லாத தரை. பாறை, பாசி, துடிச்சிக்கிட்டு மீனு. சத்தமே இல்ல. எல்லாரும் ஓடுனாவ. நான் நின்னுக்கிட்டே இருந்தேன்.”

“பயந்துட்டியா?”

“இல்லலே. அவ்வளவு அமைதி எனக்கு அதுக்கப்புறம் கெடைக்கல. அதத்தான் இந்த ஆல்பத்துல கொண்டுவரணும்.”

அவனுடைய அக்கா வந்து தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாளாம். ஹேமந்துக்கு இந்தக் கதை பிடிக்கும். குறிப்புகளில் முக்கியமான இடம் இது.

ஜூன் 13

மின்சாரம் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க சுபின் கீழே போனான். கஞ்சியும் பயறும் வைத்தேன். கிட்டார் பெட்டிக்குள் பூஞ்சை.

ஜூன் 15

வழக்கமாகப் பாட்டைக் கடைசியில்தான் பதிவு செய்வோம். டிரம்ஸ், பேஸ், கிட்டார், அப்புறம் குரல். இந்த முறை குரல் முதலில் என்கிறான் ரீகன். கிட்டார் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாப் பாட்டையும் பாடி முடித்துவிடுகிறானாம், மற்றவற்றை நாங்கள் பின்னால் சேர்த்துக்கொள்ளலாமாம். ஏன் என்று கேட்டேன். “எனக்க வேலைய நான் முதல்ல முடிச்சிடுகேன்” என்றான். வேலைக்கு வசதியில்லாத முறைதான். ஒத்துக்கொண்டேன்.

முதல் பாட்டு இன்று. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், அலறல் வரும் என்று ஒலியைக் குறைத்து வைத்திருந்தேன். அலறவில்லை. பக்கத்தில் தூங்குகிற ஒருவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் பாடினான். அடியில் கிட்டார் உறுமிக்கொண்டே இருக்கிறது, மேலே இந்தக் குரல்.

கடல் பின்னே போகிறது
கரையில் என் செருப்பு இருக்கிறது
கூப்பிடாதீர்கள்
கேட்கிற தூரத்தில் நான் இல்லை

கையெல்லாம் புல்லரித்தது. இத்தனை வருடமாக இந்தக் குரலை எங்கே வைத்திருந்தான்? இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை ஹேமந்துக்கு அனுப்ப, சுபினை சிக்னல் கிடைக்கும் ரோட்டு வளைவு வரை ஓடவிட்டேன்.

ஜூன் 17

அந்த வளைவுக்கு நானும் போய் வீட்டுக்குப் பேசினேன். பேசி முடித்ததும் ஷாமினி கூப்பிட்டாள். ரீகனின் மனைவி. ஸ்கூல் டீச்சர், வளவளவென்று பேசுகிறவள் இல்லை.

“அண்ணே, அவர் தூங்குறாரா?”

“தூங்குறான். நல்லாத்தான் இருக்கான்.”

“இங்க ரெண்டு மாசமாட்டு தூங்கல. சாப்பிட உக்காந்தா தட்டப் பாத்துக்கிட்டே இருப்பாரு. டாக்டர்ட்ட போவோம்னா கோவம் வருது. நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்களேன்.”

“புது ஆல்பம்லா ஷாமினி. பாட்டுக்குள்ள இருக்கான். அவன் எப்பவுமே அப்படித்தானே.”

“எப்பவும் அப்படி இல்ல அண்ணே” என்றாள்.

ரீகன் தூங்குகிறானா என்று எனக்கு உண்மையில் தெரியாது. நான் படுத்ததும் தூங்கிவிடுகிறேன். எழுந்து பார்த்தால் அவன் முன்னறை ஜன்னலருகே உட்கார்ந்திருக்கிறான்.

ஜூன் 19

ஹேமந்த் பேசினார். குதிக்கிறார்.

“ப்ரோ, இந்தக் குரல் மேல கை வெச்சிடாதீங்க. எஃபெக்ட் எதுவும் வேணாம். வலி அப்படியே இருக்கு. இத வெச்சு நாம எங்கயோ போயிடலாம். அடுத்த வருஷம் ஜெர்மனிக்காரங்க விழா ஒண்ணு இருக்கு, அவங்களுக்குக் கேக்கப் போட்டேன். ரெண்டாவது பாட்டு எப்ப வரும்?”

நாலு பாட்டு முடிந்துவிட்டது. ஒவ்வொன்றும் முந்தியதைவிட நன்றாக இருக்கிறது. ரீகன் மெலிந்துவிட்டான். கன்னம் ஒட்டிப்போய் மைக் முன்னால் நிற்கும்போது வேறு யாரோ போல இருக்கிறான். வயிறு காலியாக இருந்தால் குரல் நன்றாக நிற்கும் என்று பழைய பாடகர்கள் சொல்வதுண்டு. மதியம் அவன் தொடாத சோற்றைக் குழம்போடு சேர்த்துச் சூடு பண்ணிச் சாயங்காலம் நானும் சுபினும் சாப்பிட்டோம்.

ஜூன் 21

சுபினோடு சண்டை.

துணி காயப்போடக் கயிறு கட்டிக்கொண்டிருந்தோம். எதுவும் காய்வதில்லை, எல்லாம் ரப்பர் பால் வாடை அடிக்கிறது. திடீரென்று சொன்னான்:

“அண்ணே, இந்தப் பாட்டெல்லாம் கேட்டா எனக்குப் பயமா இருக்கு.”

“பயம் வரணும்னுதானே பாடுறான்.”

“அந்தப் பயம் இல்ல. நீங்க வார்த்தையக் கேட்டீங்களா? அஞ்சு பாட்டுலயும் ஒரே விஷயம்தான். ஒருத்தன் எழும்பிப் போறான். நம்ம ரீகன் அண்ணன் முன்னாடி யாரையாவது திட்டித்தானே பாட்டு எழுதுவாரு? கலெக்டர, போலீஸ, மணல் அள்ளுறவன. இப்ப யாரு மேலயும் கோவமே இல்ல.”

“உனக்கு வேகமா வாசிக்க எடம் இல்லன்னு கடுப்பு. அதச் சொல்லு.”

கயிற்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு இருபத்தாறு வயது. வேகமாக அடிப்பதுதான் இசை என்று நினைக்கிற வயது. ஒரு குழு தன் பாணியை மாற்றும்போது யாராவது ஒருவர் இப்படி முரண்டு பிடிப்பது வழக்கம்தான்.

ஜூன் 22

சுபின் பேசவில்லை. அரிசி தீரப்போகிறது.

ஜூன் 24

ஏழாவது பாட்டு முடிந்தது. இன்னும் ஒன்றுதான். ஆல்பத்தின் பெயரிலேயே இருக்கிற கடைசிப் பாட்டு.

காலையில் ரீகன் தன் இரண்டு கிட்டார்களில் கறுப்பைச் சுபினிடம் கொடுத்தான். கல்லூரி நாளில் வாங்கியது. எங்களைத் தொடவே விடமாட்டான். “நீ கத்துக்கணும்னு சொன்னல்லா, வச்சுக்க” என்றான். சுபின் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு என்னை உட்கார வைத்து ஒவ்வொரு பாட்டுக்கும் கிட்டாரை எப்படிச் சுருதி சேர்த்திருக்கிறான் என்று சொல்லிக்கொடுத்தான். கம்பி கம்பியாக. எந்த இடத்தில் எந்த விரல் என்பது வரை.

“இதெல்லாம் எதுக்கு எனக்கு? நீதானே வாசிக்கப்போற?”

“தெரிஞ்சிருக்கது நல்லதுல்லா.”

நல்லதுதான். மேடையில் கம்பி அறுந்தாலோ கையில் அடிபட்டாலோ உதவும். மற்ற குழுக்களிலும் இப்படிச் செய்துவைப்பார்கள்.

ஜூன் 26

இன்று நல்ல நாள்!

ரீகன் காலையில் குளித்து, சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். குலசேகரம் வரை போய் மீன் வாங்கிவந்தான், தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தான், மரச்சீனிக் கிழங்கு அவித்தான். சுபினைக் கேலி செய்தான். சுபின் டிரம்ஸில் உட்கார்ந்து முதல் ஆல்பத்துப் பாட்டை எடுத்துவிட, இவன் குச்சியால் கதவில் தட்டிக்கொண்டு கூடவே அலறினான். பழைய ரீகன் அப்படியே. என்னைக் கட்டிப்பிடித்து, “நீ எனக்காட்டு நிறைய செஞ்சிருக்க மக்கா” என்றான்.

பாரம் இறங்கியதுபோல் இருந்தது எனக்கு. வளைவுக்குப் போய் ஷாமினியிடம் நானே சொன்னேன். சிரித்தான், சமைத்தான், சாப்பிட்டான், எல்லாம் சரியாகிவிட்டது என்று.

அவள் சந்தோஷப்படவில்லை. “திடீர்னா?” என்று கேட்டாள். “அண்ணே, நான் நாளைக்குக் கிளம்பி வாரேன்.”

“வழியில இப்பதான் மரம் விழுந்திருக்கு. பஸ் வராது. ஒரே ஒரு பாட்டுதான் பாக்கி. சனிக்கிழமை நாங்களே வந்திருவோம்.”

“ஒரு பாட்டு முக்கியமா அண்ணே?”

ஒரு பாட்டுதானே என்ற அர்த்தத்தில்தான் நானும் சொன்னேன்.

ஜூன் 28

இதை ஹேமந்துக்குக் காட்ட முடியாது. இனி எழுதுவது எதையும் காட்டப்போவதில்லை. நாகர்கோவிலில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைசிப் பாட்டு. ரீகன் புகைக் கட்டடத்தில், நான் முன்னறையில் கணினிக்கு முன்னால், சுபின் அடுப்படியில். ரீகனுக்கும் எனக்கும் நடுவே கேபிள் மட்டும்தான். அவன் முகம் எனக்குத் தெரியாது, குரல்தான் காதுக்குள் இருந்தது. மழையும் கொஞ்சம் அதில் கலந்திருந்தது. அதுவும் நன்றாகவே இருந்தது.

பாட்டு பதினோரு நிமிடம். எழுதிவைத்த வரிகள் முடிந்த பின்னும் அவன் கிட்டாரை நிறுத்தவில்லை. அதே இரண்டு சுருதி போய்க்கொண்டிருந்தது. பிறகு காகிதத்தில் இல்லாத வார்த்தைகள் வரத் தொடங்கின. ராகமாகவும் இல்லை, பேச்சாகவும் இல்லை.

ஷாமினி, கதவைப் பூட்டிக்கொள். பின்கட்டு விளக்கை அணைத்துவிடு. அக்காவிடம் சொல், தலைமுடி வலித்ததென்று. டென்னிசன், நீ நல்லவன்.

நான் என்ன செய்தேன் என்று எழுதத்தான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன். நான் எழுந்து ஓடவில்லை. ஒலி அளவைக் காட்டும் முள் சிவப்புக்குப் போகாமல் பார்த்துக்கொண்டேன். மூச்சை அடக்கிக்கொண்டு, என் நாற்காலி கிறீச்சிட்டுக் கெடுத்துவிடக் கூடாதே என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கிட்டாரின் கடைசி அதிர்வு அடங்கும் வரை ஓடவிட்டேன். இப்படி ஒன்றை வாழ்நாளில் இன்னொரு முறை பதிவு செய்ய மாட்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

“சாயா குடிச்சிட்டு வாரேன்” என்று மைக்கில் சொன்னான். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நான் பாட்டை முதலிலிருந்து போட்டுக் கேட்டேன்.

கேட்டுக்கொண்டிருக்கும்போது சுபின் உள்ளே வந்தான். “ரீகன் அண்ணன் எங்க?”

“சாயா போட வந்தானே.”

“நான்தானே அடுப்படியில இருக்கேன். வரலியே.”

ஹெட்ஃபோனில் அந்த நேரம் அவன் குரல் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

சுபினை ரோட்டுப் பக்கம் ஓடச் சொன்னேன். நான் கீழே ஆற்றுப் பக்கம் ஓடினேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே சரிவு வழுக்கியது, இரண்டு தடவை விழுந்தேன். கத்திக்கொண்டே ஓடினேன். ஆறு இரைந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

வெள்ளத்தின் ஓரத்தில், தண்ணீர் தொட்டுத் தொட்டுப் போகிற பாறையில் உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் போகப் பயமாக இருந்தது. கொஞ்சம் தள்ளி நின்று கூப்பிட்டேன். திரும்பாமலே கேட்டான்:

“டேக் முடிஞ்சிட்டுல்லா?”

என்ன சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னேன். “இல்ல. சரியா வரல.”

இப்போது திரும்பினான். “என்னது?”

“நடுவுல சுருதி எறங்குது. திருப்பிப் பாடணும்.”

“எறங்கல.”

“எறங்குது மக்கா. ரெண்டு தடவ கேட்டேன்.”

“ஒனக்குக் காது அடைச்சுப் போச்சு. நான் பாடுனது எனக்குத் தெரியாதா? எங்க எறங்குது, சொல்லு பாப்போம்.”

“மூணாவது பத்தி. வந்து கேளு.”

நெற்றியைச் சுருக்கி யோசித்தான். உதடு அசைந்தது. அந்த வரியைத் தனக்குள் பாடிப் பார்த்தான். அதற்குள் நான் இன்னும் இரண்டு எட்டு கிட்டே போய்விட்டேன்.

“பொய் சொல்லுத” என்றான்.

“ஆமா. பொய்தான். எழும்பி வா.”

“எனக்கு முடியல மக்கா.”

“தெரியும்.”

“ஒனக்குத் தெரியாது.”

“தெரியும்லே. ஒரு வாரமாட்டுத் தெரியும்.”

என் வாயிலிருந்துதான் வந்தது. சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கும் தெரிந்தது. அவன் என்னைப் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். அழத் தொடங்கினான். நான் பாறையில் ஏறி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். சுபின் வந்து சேரும் வரை விடவில்லை.

எஸ்டேட் ஜீப்பில் அவனை நடுவில் உட்கார வைத்துக் கிளம்பினோம். வழியில் விழுந்து கிடந்த மரத்தை எஸ்டேட் ஆட்கள் பாதி வெட்டியிருந்தார்கள். மீதியைச் சுபினும் அவர்களோடு சேர்ந்து இழுத்துப்போட்டான். குலசேகரத்தில் சிக்னல் வந்ததும் ஷாமினியைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் எங்களுக்கு முன்னால் வந்து நின்றாள்.

ரீகனை உள்ளே அனுமதித்த பிறகு என்னிடம் வந்தாள். சத்தம் போடவில்லை.

“நான் எத்தன தடவ கூப்பிட்டேன் அண்ணே.”

“ஷாமினி...”

“உங்களுக்குப் புரியாம இல்ல. பாட்டு நல்லா வந்துது. அதனால பேசாம இருந்துட்டீங்க.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஜூலை 4

பார்க்க விட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்தான். வாய் திறந்து, குறட்டை விட்டு. ஷாமினி விசிறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

ஜூலை 12

ஹேமந்திடம் ரீகனுக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று மட்டும் சொன்னேன். நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு கேட்டார்: “கடைசிப் பாட்டு ரெக்கார்ட் ஆயிடுச்சா?”

“ஆகல.”

“சுபின் ஆயிடுச்சுன்னு சொன்னானே ப்ரோ.”

மழைச்சத்தம் கலந்திருக்கிறது, சரிசெய்ய வேண்டும் என்று இழுத்தேன். மார்த்தாண்டத்தில் என் கூடத்தில் கதவை அடைத்துக்கொண்டு அந்தப் பதிவை மறுபடி கேட்டேன். பதினோரு நிமிடமும். நான் தொட்ட வேலைகளிலேயே சிறந்தது அதுதான். அனுப்புவதற்கான மின்னஞ்சலைக்கூடத் தயார் செய்தேன். ஒரு பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அப்படியே விட்டுவிட்டு வெளியே போய் ஒரு சாயா குடித்தேன். திரும்பி வந்தும் அழுத்தவில்லை. மின்னஞ்சலை அழிக்கவும் இல்லை.

ஆகஸ்ட் 11

ரீகன் வந்தான். ஷாமினியோடு, பைக்கில் பின்னால் உட்கார்ந்து. உடம்பு கொஞ்சம் ஊதியிருக்கிறது. மாத்திரையால் கை நடுங்குகிறது, தண்ணீர் பாட்டிலைப் பிடித்தபடியே இருக்கிறான். வாரத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் உட்கார்ந்து பேசுகிறானாம். “நான்தான் பேசுகேன். அவரு சும்மா கேக்காரு. நல்ல வேல” என்றான். சிரித்தேன். அவனும் கொஞ்சம் சிரித்தான்.

“அதப் போடு” என்றான்.

“வேண்டாம் மக்கா.”

“போடு. டாக்டர்ட்டச் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்.”

ஷாமினி எழுந்து, “நான் வெளிய இருக்கேன்” என்று போனாள். கதவை முழுதாகச் சாத்தவில்லை.

முழுவதும் கேட்டான். கையின் நடுக்கம் அப்படியே இருந்தது, முகத்தில் மாற்றமில்லை. கடைசி அதிர்வு அடங்கியதும் தண்ணீர் குடித்தான்.

“நல்லாப் பாடியிருக்கான்” என்றான், வேறு யாரையோ சொல்வதுபோல. “சுருதி எங்கயும் எறங்கல.”

“இல்ல.”

“நீ இத அனுப்பணும்னு நெனச்சியா?”

“ஆமா.”

“ஏன் அனுப்பல?”

“தெரியல.”

தலையாட்டினான். “இதக் கேட்டு யாராச்சும் ஒருத்தன், அந்த மாதிரி உக்காந்திருக்கவன், இதுதான் சரின்னு எழும்பிப் போயிட்டான்னா? அத விடு. இது வெளிய வந்தா ஷாமினி எங்கயாவது, எவனுக்காவது போன்ல, பஸ்ஸுல கேட்டுக்கிட்டே இருக்கணும். எனக்க பேரச் சொல்லி எல்லாரும் இது எவ்வளவு அழகுன்னு சொல்லுவாவ. வேண்டாம் மக்கா. நான் திருப்பிப் பாடுகேன். எட்டுப் பாட்டையும்.”

பழைய பதிவுகள் இருந்த டிஸ்கைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன். அவன் அதை ஷாமினியின் கைப்பையில் போட்டான். அவள் என்னைப் பார்த்து, “சாயா குடிக்கலாமா அண்ணே?” என்று கேட்டாள். ஜூனிலிருந்து என்னிடம் அவள் பேசிய முதல் சாதாரண வார்த்தை.

செப்டம்பர் 9

மறுபதிவு நடக்கிறது. மார்த்தாண்டத்திலேயே, பகலில் மட்டும், சாப்பிட்ட பிறகு. வாய் உலர்ந்துவிடுவதால் வரிக்கு வரி தண்ணீர். குரல் தடித்திருக்கிறது. அந்த ஜூன் மாதக் குரல் வரவே இல்லை. எட்டிப் பிடிக்கிற இடங்களில் உடைகிறது. இடைவேளையில் கொட்டாவி விடுகிறான்.

வரிகளையும் மாற்றுகிறான். ‘கூப்பிடாதீர்கள்’ என்றிருந்தது ‘கூப்பிட்டார்கள்’ ஆகியிருக்கிறது. கடைசிப் பாட்டின் முடிவில் இப்போது பேச்சு இல்லை. கிட்டார் மட்டும்.

சுபின் தயங்கித் தயங்கிக் கேட்டான்: “அண்ணே, ஆறாவது பாட்டுல ஒரே ஒரு எடம். எட்டு வரி வேகமாப் போயிட்டு வந்திரட்டுமா?”

“பன்னெண்டு வரி போ” என்றான் ரீகன்.

பையன் சுவரே இடிந்துவிடும்படி அடித்தான்.

செப்டம்பர் 30

ஹேமந்துக்கு அனுப்பினேன். அன்றே கூப்பிட்டார்.

“தப்பா நெனைக்காதீங்க ப்ரோ. அந்த முதல் டேக்ஸ்ல இருந்த ஒண்ணு இதுல இல்ல. அது எங்க?”

“அது ரீகனோடது. அவன்கிட்டயே இருக்கு.”

“ஜெர்மனிக்காரங்க அதக் கேட்டுத்தான் ஓகே சொன்னாங்க. இத வெச்சு என்னால உறுதி சொல்ல முடியாது.”

“சரி.”

“உங்களுக்கே தெரியும்ல, எது பெட்டர்னு?”

“தெரியும்” என்றேன். “இதப் போடுங்க.”

நவம்பர் 23

‘உள்வாங்கல்’ வெளியாகி இரண்டு நாள் ஆகிறது. ஜெர்மனிப் பயணம் இல்லை என்று முன்பே ஆகிவிட்டது. பழைய ரசிகர்களில் பாதிப் பேருக்கு வேகம் போனதில் கோபம். சிலர் பரவாயில்லை என்கிறார்கள். ஆறாவது பாட்டின் டிரம்ஸை மட்டும் தனியாக வெட்டி எடுத்து நிறையப் பேர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சுபின் கால் தரையில் இல்லை.

மதியம் நாங்கள் நாலு பேரும் தக்கலையில் பரோட்டா சாப்பிடப் போனோம். இலையில் பரோட்டாவும் பீஃப் வறுவலும். நான் போனில் ஒரு நீளமான விமர்சனத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். எழுதியவன் விவரம் தெரிந்தவன். கிட்டாரின் சுருதி, மெதுவான தாளம், பதிவின் ஆழம் எல்லாவற்றையும் பாராட்டியிருந்தான். குழு பாணியை மாற்றிக்கொண்டது துணிச்சல் என்றிருந்தான். கடைசியில் ஒரு வரி.

“என்ன எழுதியிருக்கான்? வாசி” என்றான் ரீகன்.

“சவத்த விடு. சாப்பிடு.”

“வாசிலே.”

வாசித்தேன். “எல்லாம் இருந்தும், பாடகரின் குரலில் உயிர் இல்லை.”

சுபின் மெல்லுவதை நிறுத்திவிட்டான். ஷாமினி தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தவள் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். ரீகன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்தது. வாயில் இருந்ததை விழுங்க முடியாமல் புரையேறி, இருமி, கண்ணில் நீர் வழிய மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். ஷாமினி அவன் தலையில் தட்டிக்கொண்டே, “மெதுவா, மெதுவா” என்றாள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இருமல் அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்காரரைக் கூப்பிட்டான்.

“அண்ணே, இங்க இன்னும் ரெண்டு பரோட்டா.”